தவணைக்கு முன் ஒரு வாய் தண்ணீர்

மொன்றியலுக்கு மேற்கே கர்க்லாண்டில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று வந்தவர்கள் எல்லோரும் வரவேற்பறையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அக்கா மட்டும் சப்பாத்தைக் கழற்றிய கையோடு நேரே குசினிக்குப் போனார். பால் காய்ச்சிய பானை இன்னும் அடுப்பில் இருந்தது. அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். ஒரு கிளாசில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார், மணந்து பார்த்தார், பிறகு ஒரு வாய் குடித்து, அதை உடனே விழுங்காமல் கன்னத்துக்குள் வைத்திருந்தார். பலகாரத் தட்டோடு அவருக்குப் பின்னால் போன நான் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றேன்.

"ம். இருக்கலாம்," என்றார்.

அவ்வளவுதான். சுவருக்கு நாங்கள் பார்த்துப் பார்த்து அடித்த நிறத்தைப் பற்றியோ, என் கணவர் தன் கையாலேயே போட்ட மரத்தளத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முழு மொன்றியலுக்கும் ஒரே ஆத்துத் தண்ணிதானே அக்கா, இதிலை ருசி பார்க்க என்ன கிடக்கு?" என்று கேட்டேவிட்டேன்.

"ஆறு ஒண்டுதான் பிள்ளை. குழாய் ஒண்டில்லை," என்று சொல்லிக்கொண்டே கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

யாழ்ப்பாணத்தில் காணி வாங்கப் போகிறவர்கள் உறுதிப் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் கிணற்றைப் பார்ப்பார்கள். தண்ணீர் நல்லதா, உவரா என்பதில்தான் காணியின் விலையே நிற்கும். சீதனத்துக்கு எழுதும் காணி என்றாலும் அதே கதைதான்; மாப்பிள்ளை வீட்டார் வந்து வளவைச் சுற்றிப் பார்த்து, கடைசியில் ஒரு வாளி அள்ளி ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டுத்தான் தலையாட்டுவார்கள். எங்களில் பலர் அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏறும்போதே விட்டுவிட்டோம். அக்கா விடவில்லை.

அக்கா என்று சொன்னாலும் அவர் எனக்குச் சொந்தமில்லை. எங்கள் வருமானவரிக் கணக்கைச் செய்தவர். எங்களுடையதை மட்டுமா? டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் என்னோடு வேலை செய்த தமிழ்ச் சனம் அத்தனை பேரும் அவரிடம்தான் போவார்கள். யாருக்கு என்ன சம்பளம், யாருடைய வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்று எல்லாம் தெரிந்திருந்தும், எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் உதிர்ந்ததில்லை. அவருடைய பெயர் வாசற்பலகையில் பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி, தகப்பன் பெயர் பின்னுக்குப் போய்த் தலைகீழாக எழுதியிருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. கணக்கக்கா என்போம், நேரில் வெறும் அக்கா.

போன மாரிக் குளிரில் அவர் போய்விட்டார். செத்தவீட்டில் ஆளுக்காள் சொன்ன கதைகளில் பாதி தண்ணீர்க் கதைதான். என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு டெப்பனருக்கு மேல்மாடியில் அவருடைய கந்தோர். டெப்பனர் என்றால் இந்த ஊர் மூலைக்கடை. பாலும் பியரும் லொத்தர்ச் சீட்டும் விற்கும். படியேறிப் போனால் சூடாக்கி குமுறிக்கொண்டிருக்கும், ஜன்னல் எந்தக் குளிரிலும் ஒரு விரற்கடை திறந்திருக்கும். வரிக்கணக்குக் கொடுக்கும் தவணை முடியும் ஏப்பிரல் கடைசியில் அந்தப் படிகளில் சனம் வரிசையாக இருக்கும். கையில் சப்பாத்துப் பெட்டி, பிளாஸ்டிக் பை, ஒருவர் ஒருமுறை தலையணை உறைக்குள் கடுதாசிகளைப் போட்டுக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் நெஞ்சு இடிக்கும். அக்காவுக்கு மட்டும் இடிக்காது. "தவணை அரசாங்கத்துக்கு. யோசினை உங்களுக்கு. ரண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ," என்பார். கடைசி நாள் என்று யாராவது அவசரப்படுத்தினால் வேண்டுமென்றே எழுந்துபோய்த் தேத்தண்ணி போடுவார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்கே பத்திக்கொண்டு வரும்.

தலைக்கனம் பிடித்த மனுஷி என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். பொய் இல்லை. தான் கண்ணால் காணாத எதையும் அவர் நம்பமாட்டார், நம்பாததை முகத்துக்கு நேரே சொல்லியும் விடுவார். ஒருமுறை கைக்குழந்தையோடு ஒரு பெண் கார்டரிக்குக் கட்டிய காசின் ரசீதுகளைக் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தை எங்கள் சனம் பிரெஞ்சுச் சொல்லாலேயே சொல்லும். அக்கா ரசீதைப் பார்க்காமல் அவளுடைய வீட்டு விலாசத்தைப் பார்த்தார். "பழைய வீடெல்லோ? பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறது எந்தத் தண்ணியிலை?" என்று கேட்டார். அன்று பின்னேரமே அந்த வீட்டுக்குப் போய், நிலவறையில் இறங்கி, உள்ளே வரும் குழாயை ஒரு சில்லறையால் சுரண்டிப் பார்த்தார். ஈயம். வீட்டுக்காரனுக்குப் பிரெஞ்சில் தொலைபேசி எடுத்து, "பொன்ஜூர்" என்று தேனாகத் தொடங்கி அரைமணி நேரம் வறுத்தெடுத்தார். குழாய் மாறியது. அந்தப் பெண்ணின் வரிக்கணக்கு அந்த வருடம் பிந்திப்போனது; அதற்கும் அக்கா கவலைப்படவில்லை.

இளவயதில் அவர் பஃபலோவில் சில காலம் இருந்தவர். அங்கேயே அமெரிக்க வரிப் பரீட்சையை எழுதித் தேறியிருந்தார். அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களும் அவரைத் தேடி வந்தார்கள். அங்கேதான் இந்தக் கதை தொடங்குகிறது.

அமெரிக்காவில் ஒரு சட்டம் உண்டு. சொத்தையோ பங்கையோ விற்று வந்த லாபத்தை, நொடிந்துபோன பகுதி என்று அரசாங்கம் கோடு போட்டுக் குறித்த இடங்களில் முதலிடுவதற்கென்றே அமைத்த நிதியொன்றுக்குள் போடலாம். நூற்றியெண்பது நாட்களுக்குள் போட்டுவிட்டால் அந்த லாபத்துக்குரிய வரியை அப்போதே கட்டத் தேவையில்லை. இரண்டாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு முடியும்வரை தள்ளிவைக்கலாம். பத்து வருடம் பொறுத்திருந்தால் அங்கே புதிதாக வளரும் லாபத்துக்கு வரியே இல்லை. இப்போது விதிகளை மாற்றி எழுதியிருக்கிறார்கள். நான் சொல்வது அன்றைய கதை.

இந்தச் சட்டம் எங்கள் சனத்துக்குள் கல்யாண வீடுகள் வழியாகப் பரவியது. நியூ ஜெர்சியில் ஒரு மச்சான் சாப்பாட்டு மேசையில் சொல்வார், மொன்றியல் மச்சான் கேட்டுக்கொண்டு வருவார். புரோசார்டில் இருந்த ஒருவர் அப்படித்தான் வந்தார். அமெரிக்கக் குடியுரிமை இருக்கிறது, இருப்பது கியூபெக்கில். பொஸ்டனில் இருந்த வீட்டை விற்றிருந்தார்.

"அக்கா, அங்கை வரி கட்டத் தேவையில்லையாம். இவ்வளவு நாளும் ஏன் எனக்கு இதைச் சொல்லேல்லை?" என்று குற்றம் சாட்டுகிற மாதிரிக் கேட்டார். என் கணக்குக்காக நானும் அன்று அங்கே இருந்தேன்.

"அமெரிக்கா பொறுத்துக்கொள்ளும் தம்பி. கியூபெக் பொறுக்காது. ஒட்டாவாவும் பொறுக்காது. இஞ்சை இந்த வருஷமே கட்டவேணும். அங்கை இப்ப கட்டினால் இஞ்சை கழிச்சு விடுவாங்கள். அங்கை பிந்திக் கட்டினால் இஞ்சை கழிக்க ஆளில்லை. ஒரு லாபத்துக்கு ரண்டு தரம் வரி. அது உமக்கு வேணுமோ?"

மனிதர் முகம் கறுத்தது. அக்கா அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"சரி, எங்கை போட இருந்தனீர்?"

"ஒஹாயோவிலை ஏதோ ஒரு இடம்."

"போய்த் தண்ணி குடிச்சுப் பார்த்தனீரோ?"

அவர் என்னைப் பார்த்தார். இந்த மனுஷிக்கு விசரோ என்று அவருடைய கண் கேட்டது. நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்த வருடம் என் அண்ணன் நியூ ஜெர்சியில் இருந்த தன் பெற்றோல் நிலையத்தை விற்றார். முப்பது வருட உழைப்பு. அண்ணி செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரவில் தனியே கடையில் நிற்க முடியவில்லை என்று சொல்லித்தான் விற்றார். நல்ல விலை வந்தது, அதனால் வரியும் பெரிதாக வந்தது. அவருடைய கூட்டாளி ஒருவர் அப்படியான நிதி ஒன்றை நடத்தினார். மொன்றியலிலிருந்து எல்லை தாண்டிச் சில மணி நேர ஓட்டத்தில், ஒரு காலத்தில் காகித ஆலை ஓடிய சிறு பட்டணம் ஒன்றில், ஆற்றங்கரையோரம் அடுக்குமாடி கட்டுகிறார்கள். அண்ணன் அமெரிக்காவிலேயே இருப்பவர், அதனால் புரோசார்ட்காரரின் சிக்கல் அவருக்கு இல்லை. எல்லாம் ஒழுங்கு. ஆனால் அண்ணன் எதையும் கடைசிவரை இழுத்தடிப்பவர். அந்த நூற்றியெண்பது நாள் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிய இருக்க, அதற்கு முந்திய ஞாயிறு என் வீட்டில் வந்து நின்றார்.

திங்கட்கிழமை அவரை அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனேன். பத்திரங்களை எல்லாம் அக்கா ஒரு வரி விடாமல் வாசித்தார். "எல்லாம் சட்டப்படி சரி," என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"இடத்தைப் பார்த்தியளோ, அண்ணை?"

"படம் அனுப்பினவங்கள்."

"படம் தண்ணி தருமோ?"

"தங்கச்சி, எனக்கு நாலு நாள்தான் கிடக்கு. இப்ப தண்ணி குடிக்கவோ போறது?" அக்காவையும் தங்கச்சி என்றே கூப்பிடும் அண்ணனுக்குக் குரல் ஏறியது. "இந்தத் தவணை தப்பினால் என்ரை காசிலை அரசாங்கம் பெரிய துண்டொண்டைக் கடிச்சுப்போடும். பேந்து நான் ஆரிட்டைப் போறது? மகளிட்டைக் கையேந்தவோ?"

"நாளைக்குப் போவம். நானும் வாறன்," என்று சொல்லிவிட்டு அக்கா தேத்தண்ணி போட எழுந்தார். சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் அண்ணன் வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை நான் காரை ஓட்டினேன். அண்ணன் பக்கத்தில், அக்கா பின்னால். வழி நெடுக மரங்கள் சிவந்து கிடந்தன. அக்கா புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார், அண்ணன் அதை மட்டும் மறுக்காமல் சாப்பிட்டார்.

ஆற்றங்கரை உண்மையாகவே வடிவாக இருந்தது. பழைய களஞ்சியம் ஒன்றை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு கோப்பிக் கடை. விற்பனை அலுவலகத்தில் இருந்த பெண், பார்வைக்கென்று முடித்து வைத்திருந்த வீட்டைத் திறந்து காட்டினாள். அக்கா குசினிக்குப் போனார். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நல்ல தண்ணி," என்றார் அக்கா.

அண்ணன் முகம் விரிந்தது. "பார்த்தியளே! அப்ப போடுவம்."

"கொஞ்சம் பொறுங்கோ." அக்கா தொலைபேசியில் அந்தப் பகுதியின் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். "அரசாங்கம் போட்ட கோடு இதோடை முடியேல்லை. தண்டவாளத்துக்கு அங்காலையும் போகுது. சனம் அங்கைதான் இருக்குது. அந்தச் சனம் ஏழையள் எண்டபடியாத்தான் இந்த ஆத்தங்கரைக்கும் சலுகை. வாங்கோ, அதையும் பார்த்திட்டுப் போவம்."

தண்டவாளத்தைத் தாண்டினால் வேறு ஊர். வர்ணம் உதிர்ந்த மூன்று மாடி மரவீடுகள், பாதி ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது. ஒரு வீட்டின் முன்னால் விற்பனைக்கு என்று பலகை நட்டிருந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள் போடும் சீருடையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் காரிலிருந்து பெரிய தண்ணீர்ப் போத்தல்களை இறக்கிப் படியில் வைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. அக்கா இறங்கிப்போய், தூரத்திலிருந்து வருகிறோம், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவள் போத்தலைத் திறக்கப் போனாள். "இது வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும்," என்றார் அக்கா.

"குழாயில் வருவதைக் குடிக்காதீர்கள். பிள்ளையை அதில் குளிப்பாட்டவே எனக்கு யோசனையாக இருக்கிறது."

"பார்க்கலாமா?"

ஏன் எங்களை உள்ளே விட்டாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அக்காவின் முகத்தில் ஏதோ அதிகாரம் இருக்கும், கேட்டால் யாரும் கதவைத் திறந்துவிடுவார்கள். குசினி துப்புரவாக இருந்தது. அக்கா குழாயைத் திறந்தார். அது இரண்டு தரம் இருமிவிட்டு ஓடியது. ஓடவிட்டு ஓடவிட்டுப் பார்த்தும் கிளாசில் பிடித்தது வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அக்கா அதை மூக்கின் அருகே கொண்டுபோனார். குடிக்கவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரை அவர் குடிக்காமல் கீழே வைத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

அந்தப் பெண் போத்தலின் மூடியைத் திறந்து மூன்று கிளாஸ்களில் ஊற்றித் தந்தாள். காசு கொடுத்து வாங்கிய தண்ணீர். அக்கா இரண்டு கையாலும் வாங்கி மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"நீங்கள் வீடு பார்க்க வந்தவர்கள்தானே," என்றாள் அவள். கோபம் இல்லை, களைத்த குரல். "வாங்கினால் நாங்கள் வீட்டை விட்டு எப்போது எழும்பவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாரி வருகிறது. மேலே இருப்பவர்கள் வயதானவர்கள்."

நான் நிலத்தைப் பார்த்தேன். அக்கா அண்ணனைப் பார்த்தார். "அண்ணை, உங்களைத்தான் கேக்கிறா."

எப்போது எழும்பவேண்டும் என்ற கேள்வி எங்களுக்குப் புதிதில்லை. யுத்தத்தில் நாங்கள் ஊரை விட்டு நடந்த அன்று அண்ணன்தான் அம்மாவைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தவர். ஆனால் அவர் அதைப் பற்றி என்றைக்கும் கதைப்பதில்லை. கிளாசை மேசையில் வைத்தார். "நிலவறைக்கு எந்தப் பக்கத்தால் போகவேண்டும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கீழே போனவர் வெகுநேரம் வரவில்லை. குழாயைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மேலே வந்தபோது கை முழுக்கத் துரு. அந்தப் பெண் கொடுத்த துவாயில் துடைத்தார். அவளுடைய கேள்விக்குப் பதில் சொல்லாமலே வெளியே நடந்தார்.

கார் பெருந்தெருவில் ஏறும்வரை காத்திருந்துவிட்டு வெடித்தார்.

"தங்கச்சி, நான் கோயில் கட்ட வரேல்லை. இது நான் மழையிலும் பனியிலும் நிண்டு பெற்றோல் அடிச்ச காசு."

"ஓம். உங்கடை காசுதான். அதைத்தான் நானும் சொல்லுறன்," என்றார் அக்கா. "கூட்டாளியின்ரை நிதியிலைதான் போடவேணுமெண்டு சட்டம் சொல்லேல்லை. நீங்களும் மகளும் பங்காளியாச் சேர்ந்து சின்னக் கம்பனி ஒண்டு பதியலாம். அதுவே நிதி. வெள்ளிக்கிழமைக்குள்ளை லாபக் காசு அந்தக் கம்பனிக்குள்ளை விழுந்தால் காணும், தவணை தப்பாது. வீட்டைப் பேந்து ஆறுதலா வாங்கலாம். ஆனால் ஒண்டு. நிலத்தின்ரை விலையைக் கழிச்சுப்போட்டு, கட்டடத்துக்கு எவ்வளவு குடுத்தியளோ அவ்வளவு காசை முப்பது மாசத்துக்குள்ளை அதே கட்டடத்திலை திருப்பிப் போட்டுத் திருத்தவேணும். சும்மா வாங்கிப் பூட்டிவைக்கேலாது. இந்தச் சட்டத்திலை எனக்குப் பிடிச்ச பகுதி அதுதான்."

"அப்ப லாபம்?"

"குறையும். ஆத்தங்கரை வீடு கூடக் காசு தரும். அது உண்மை, நான் மறைக்கமாட்டன். தள்ளிவைச்ச வரியையும் எங்கை போட்டாலும் பேந்து கட்டத்தான் வேணும். கையிலை அதுக்குக் காசு வைச்சிருக்கவேணும். உங்களுக்கு ஆத்தங்கரைதான் வேணுமெண்டால் சொல்லுங்கோ, நாளைக்கே எல்லாம் எழுதித்தாறன். நான் கோவிக்கமாட்டன். ஆனால் ரண்டையும் கண்ணாலை பார்த்திட்டுத்தான் போடுறியள். எனக்கு அது காணும்."

எனக்கு அந்த நேரம் அக்கா மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அண்ணி செத்து, கடையும் போய், தனித்து நிற்கும் மனிதர். அவருடைய கடைசிக் காலத்துக்கான காசு. அதில் போய்த் தண்ணீரும் துருவும் பார்க்கிறதா? கண்ணாடியில் அக்காவைப் பார்த்துக் கேட்டேன்: "அக்கா, உங்கடை காசெண்டால் இப்பிடிச் சொல்லுவியளோ?"

"ஓம்," என்றார். தயக்கம் இல்லாத ஓம். நான் அந்தக் குரலைத்தான் இப்போது தேடுகிறேன். கடன் எடுக்கலாமா, வேலையை விடலாமா, மகள் சொல்லும் பையனைப் பார்க்கலாமா என்று குழம்பும் நேரமெல்லாம், போய்ப் பார்த்தாயா என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது. சொந்த உறவுக்காரர் யாரும் போனதைவிட இது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

அதற்குப் பிறகு எல்லைவரை அண்ணன் விரல் நகத்துக்குள் இருந்த துருவைக் கிளறிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரைதான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். முப்பது வருடம் கல்லாவில் இருந்தவர், கூடக் காசு தரும் இடத்தை விட்டுவிட்டுக் குறையத் தரும் இடத்துக்குப் போவாரா? அதுதான் சரியும் என்று எனக்குள் ஒரு நிம்மதி.

எல்லையில் எங்கள் முறை வந்தது. கூண்டுக்குள் ஓர் இளம் கியூபெக் அதிகாரி. "பொன்ஜூர்," என்று தொடங்கி, எங்கள் முகங்களைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினான். மூன்று பாஸ்போர்ட்டுகளையும் நீட்டினேன். எங்கே போனீர்கள், எவ்வளவு நேரம் என்று கேட்டான். சொன்னேன்.

"அங்கே எதையாவது வாங்கினீர்களா?"

"இல்லை," என்றேன்.

"ஓம்," என்றார் அண்ணன். தமிழில் வந்துவிட்டது. பிறகு என் மடிக்கு மேலால் சரிந்து, அவனுக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்: "ஒரு வீடு வாங்கினேன். மூன்று மாடி. ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் அங்கேயே இருப்பார்கள்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். பின்னால் அக்காவின் ஜன்னல் இறங்கும் சத்தம் கேட்டது.

"அவர் இன்னும் வாங்கவில்லை, சேர்," என்று தலையை வெளியே நீட்டினார் அக்கா. "வாங்கப் போகிறார். வெள்ளிக்கிழமைக்குள் கம்பனி பதியவேண்டும், அதற்குப் பிறகுதான்." பிறகு தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லையிலை நிண்டு பிழையாக் கதைக்காதேங்கோ, அண்ணை," என்றார். கண்ணாடியில் பார்த்தேன். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் படித்த எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு பதில் இருந்திருக்காது. பாஸ்போர்ட்டுகளைத் திருப்பித் தரும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணனிடம் கேட்டான்: "நல்ல வீடா?"

"இல்லை, சேர்," என்றார் அண்ணன். "படு மோசமான வீடு."

அண்ணி செத்த பிறகு என் அண்ணன் வாய்விட்டுச் சிரித்ததை நான் அங்கேதான் முதலில் கண்டேன்.